கிணற்று நீச்சலோடு பெர்ஹெந்தியானுக்கு

கல்யாணமான புதிதில் நாங்கள் போய்வந்த மலேசியப் பயணத்தின் பட்டியல் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. மொத்தம் முப்பத்தெட்டு வரிகள். கோலாலம்பூர், பினாங்கு, பெர்ஹெந்தியான் தீவு, மறுபடி கோலாலம்பூர், வீடு. முப்பத்தேழு வரிகளுக்கு எதிரே டிக் இருக்கிறது. முப்பத்தோராவது வரிக்கு எதிரே மட்டும் கட்டம் காலியாகக் கிடக்கிறது. அந்த வரி இது: ‘கடலாமை பார்ப்பது (இருவரும்).’

நான் பார்த்தேன். என் கணவர் பார்க்கவில்லை. அடைப்புக்குறிக்குள் ‘இருவரும்’ என்று நானே எழுதிவிட்டதால் டிக் போட முடியவில்லை. தொழிற்சாலையில் அழுத்தமானி, வெப்பமானி எல்லாம் சரியான அளவைக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. பாதி சரியாக இருப்பதற்கு டிக் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அன்று நடந்தது இதுதான். படகுக்காரர் கரையை ஒட்டிய ஓர் இடத்தில் படகை நிறுத்தி, “ஆமை, ஆமை” என்று கையை நீட்டினார். நான் மிதவைச் சட்டையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். என் கணவரும் சட்டையை மாட்டினார், வாரை இறுக்கினார், படகின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒன்பது வயதில் திருவெண்ணெய்நல்லூரில் ஒரு வயல் கிணற்றில் படி வழுக்கி விழுந்தவர் அவர். முடியைப் பிடித்துத் தூக்கினார்களாம். அதன்பிறகு இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறும் இடத்துக்கு அவர் போனதே இல்லை. இது எனக்கு அந்தப் படகில்தான் தெரியவந்தது.

நான் மேலே ஏறியதும், “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

“பெருசா இருந்துச்சு” என்றேன்.

அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீளம் ஏறக்குறைய மூன்றடி, ஓடு பழுப்பு, ஆழம் என் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அளவுகள் எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “அது சரி, எப்படி இருந்துச்சு?” என்றார். ஊருக்கு வந்த பிறகும் விட்டு விட்டு அதே கேள்வி வந்தது. ஒரு நாள் இட்லி சாப்பிடும்போது. ஒரு நாள் ரயில்வே கேட்டில் வண்டிக்காகக் காத்திருந்தபோது.

கல்யாணமாகி நான்காவது வருடம் தை பிறந்ததும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் காணாமல் போகத் தொடங்கினார். விழுப்புரத்தில் ஏசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். தை மாதத்தில் யாருக்கும் ஏசி ஓடாது. கேட்டால், “அக்கா வூட்டு மோட்டார் மக்கர் பண்ணுது, பாத்துட்டு வர்றேன்” என்பார். ஒரே மோட்டார் ஆறு ஞாயிறு மக்கர் பண்ணாது. ஏழாவது ஞாயிறு நானும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அவர் முகம் மாறியது, ஆனால் வராதே என்று சொல்லவில்லை.

அவருடைய அக்கா, எனக்கு நாத்தனார், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வைத்திருக்கிறார். கரும்புக்கு நடுவே வட்டமான கல் கட்டுக் கிணறு. நான் மேலே நின்று எட்டிப் பார்த்தபோது, நாத்தனார் நைட்டிமேல் துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்ற மேனிக்கு மிதந்தார். என் கணவரின் முதுகில், மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் எண்ணெய் வந்த ஐந்து லிட்டர் காலிக் கேன் ஒன்று கயிற்றால் கட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் நீச்சல் பழகுகிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் கேன்தான். பத்துப் பன்னிரண்டு வயதில் கட்ட வேண்டியதை இவர் முப்பத்து மூன்றில் கட்டியிருந்தார்.

“கால உதறுடா! ஏசிக்குக் காத்து போடறவன், உன் கால்ல காத்து இல்லயா?”

“உதறிக்கினுதாங்கா இருக்கேன்!”

“எங்க உதறினே? எருமகூட உன்னைவிட நல்லா நீஞ்சும். பொண்டாட்டி மேல நின்னு பாக்குறா பாரு.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் ஒரு வாய் தண்ணீரைக் குடித்தார். பிறகு வலது கை நீட்டினால் சுவர் தொடுகிற தூரத்தில், சுவரை ஒட்டியே, ஒரு முழுச் சுற்று நீந்தி வந்தார். நான் கைதட்டினேன். கிணற்றுக்குள் அது பத்துப் பேர் தட்டியதுபோல் கேட்டது.

“அண்ணி, எதுக்கு இதெல்லாம்?” என்று நாத்தனாரைக் கேட்டேன்.

“எனக்கு இன்னாம்மா தெரியும்? ஏதோ ஆமை பாக்கணுமாம். வந்து கத்துக் குடுன்னு ஒரே பேஜாரு பண்ணிக்கினு இருந்தான்.”

அன்று மாலை பஸ்ஸில் திரும்பும்போதே புதுப் பட்டியலைத் தொடங்கிவிட்டேன். வரிசை எண் ஒன்று: ஆமை (இருவரும்). மீதியெல்லாம் அதற்குப் பிறகு.

சித்திரையில் கிணற்றில் தண்ணீர் இறங்கியதும் பாடம் நின்றது. ஆடியில் மழை பெய்து ஏறியதும் மறுபடி தொடங்கியது. தீவுக்குப் படகு ஓடுவது புரட்டாசி வரைதான், பிறகு அங்கே மழைக்காலம். அதனால் ஆவணிக்கு டிக்கெட் போட்டோம். திண்டிவனத்தில் அம்மாவிடம் சொல்லப் போனபோது அவருக்குப் புரியவேயில்லை.

“பாத்த ஊருக்கே எதுக்குடி மறுபடி போறீங்க?”

“நீ வருஷா வருஷம் திருப்பதி போறியே. அது பாத்த ஊரு இல்லயா?”

“அது சாமிடி.”

“இது ஆமைம்மா.”

அம்மா அடிக்கக் கையை ஓங்கிவிட்டுச் சிரித்துவிட்டார். புளியோதரைப் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

விமான நிலையத்தில் எங்கள் பெட்டிகளுக்கு ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் கேனுக்கு. அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார். லேபிளில் பெரிய மல்லாட்டைப் படம்.

கவுன்டரில் இருந்த பெண் சொன்னாள்: “சார், ஆயில் கேபின்ல அலவ்டு இல்ல.”

“ஆயில் இல்லம்மா. காலி கேன்.”

“காலி கேன எதுக்கு சார் மலேசியா எடுத்துட்டுப் போறீங்க?”

“நீஞ்சறதுக்கு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பக்கத்துக் கவுன்டர் பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டிய பிறகு விட்டுவிட்டாள்.

விமானம் மேலே போனதும் தலைக்கு மேல் பெட்டிக்குள் ‘டப்’பென்று ஒரு சத்தம். கேன் உப்பிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து காற்றை விட்டுவிட்டு அவர் மறுபடி இறுக மூடினார். கோலாலம்பூரில் இறங்கியபோது கேன் நான்கு பக்கமும் நசுங்கிக் கிடந்தது. மேலே காற்றழுத்தம் குறைவு, கீழே அதிகம். நான் அழுத்தமானி பார்ப்பவள், அவர் கேஸ் அழுத்தத்தை வைத்தே பிழைக்கிறவர். இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. பெட்டி வரும் இடத்தில் நின்றுகொண்டு அவர் வாயை வைத்து ஊதி ஊதிக் கேனை நிமிர்த்தினார். நான் சிரித்த சிரிப்பில் எங்கள் பெட்டி ஒரு சுற்றுப் போய்விட்டது.

போன முறை பார்த்த இடங்களை இந்த முறை ‘அப்போது’, ‘இப்போது’ என்று இரண்டு பத்தியாகக் குறித்தேன். பத்துமலையில் அப்போது நான் படிகளை எண்ணினேன், அவர் குரங்குகளைப் பார்த்தார். இப்போது இருவருமே குரங்கைப் பார்த்தோம், ஒன்று புளியோதரைப் பொடியைத் தூக்கிக்கொண்டு போனதால். பினாங்கில் அப்போது படகில் மழை, உள்ளே நின்றோம். இப்போது வெயில், மேல்தளத்தில் முதல் வரிசை. ஜார்ஜ் டவுனில் அப்போது ரொட்டி சாப்பிட்ட அதே கடையில் அதே மேசை காலியாக இருந்ததைக் கண்டதும் நான் சாலையைப் பாதி ஓடிக் கடந்தேன். கடைக்காரப் பெண்மணி தமிழர், அங்கேயே பிறந்தவர். எங்களை அவருக்கு நினைவில்லை. கேனை மட்டும் பார்த்துவிட்டு, “எண்ணெய் விக்கவா வந்தீங்க?” என்று கேட்டார்.

என் கணவர் எல்லா இடத்திலும் என்னோடு சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனாலும் எந்த நீரைப் பார்த்தாலும் ஒரு நிமிடம் நின்று கணக்குப் போடுவது தெரிந்தது. விடுதி வாசலில் இருந்த மீன் தொட்டியைக்கூட அப்படிப் பார்த்தார்.

பினாங்கிலிருந்து விடியற்காலை வேன் ஏறி, கிழக்குக் கடற்கரைக்குப் போய், அங்கிருந்து விசைப்படகில் தீவை அடைந்தோம். மறுநாள் காலையில் ஆமை மேயும் இடத்துக்குப் படகு. இந்த முறை வேறு படகுக்காரர், மலாய்க்காரர், எங்கள் வயது. கேனைக் கையில் வாங்கித் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தார். அது துள்ளி மேலே வந்தது. “நல்லது” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மிதவைச் சட்டையையும் எடுத்து நீட்டினார். சட்டை இல்லாமல் இறங்கக் கூடாதாம்.

கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, சட்டைக்கு மேல் கேனையும் கட்டிக்கொண்டு என் கணவர் ஏணியில் இறங்கினார். இரண்டும் சேர்ந்து அவரைத் தக்கையாக்கிவிட்டன. உடம்பு நீருக்கு மேலேயே நின்றது, கால்கள் காற்றை உதைத்தன, முகத்தை நீருக்குள் வைக்கவே முடியவில்லை. மேலே ஏறி உட்கார்ந்தார். போன முறை பிடித்த அதே மாதிரிக் கம்பி பக்கத்தில் இருந்தது. அவர் கை அதன்மேல் போய் நின்றது.

நான் என் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன். போன முறை “வாங்க, ஒண்ணும் ஆகாது” என்று பத்துத் தடவை சொல்லியிருந்தேன், பயனில்லை.

அவர் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். கேனைப் படகுக்காரரிடம் கொடுத்து, “அண்ணே, பத்திரம்” என்று தமிழிலேயே சொன்னார். அந்த மனிதர் அதைக் குழந்தையை வாங்குவதுபோல் மடியில் வைத்துக்கொண்டார். என் கணவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டார்.

ஆமை இருபதடி தள்ளி, கீழே கடற்புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. நான் மேலிருந்து கை காட்டினேன். அவர் முகத்தை நீருக்குள் வைத்து நேராக அதை நோக்கிக் கிளம்பினார். நான்கு வீச்சு நேராகப் போனார். பிறகு மெல்ல இடப்பக்கம் வளைந்தார், இன்னும் வளைந்தார், வட்டமாகச் சுற்றி வந்து படகின் மறுபக்கத்தில் முட்டினார்.

“எங்க ஆமை?”

“நீங்க திரும்பி வந்துட்டீங்க.”

“நேராதானே போனேன்?”

மறுபடி போனார், மறுபடி அதே வட்டம். படகுக்காரர் கேனைத் தட்டித் தாளம் போடத் தொடங்கிவிட்டார். “ஏன் சுற்றுகிறார்?” என்று என்னிடம் கேட்டார். மூன்றாவது முறையும் படகில் முட்டியபோது என் கணவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “எனக்கு வரல. நீ பாத்துட்டு வந்துடு, நான் ஏறிடறேன்” என்றார்.

அந்த வட்டத்தின் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரிந்த அகலம். மூன்று முறையும் ஒரே அளவு, ஒரே பக்கம். அவர் தன் அக்கா வீட்டுக் கிணற்றை நீந்திக்கொண்டிருந்தார்! வலப்பக்கம் ஒரு கல் சுவர் இருப்பதாக உடம்பு நினைத்து வளைகிறது.

ஒரு அழுத்தமானி எப்போதும் இரண்டு புள்ளி கூடுதலாகக் காட்டினால் நான் அதைத் தூக்கிப் போட மாட்டேன். இரண்டைக் கழித்துக்கொண்டால் போதும், அது நம்பகமான கருவி. ஒரு நாள் கூட்டியும் ஒரு நாள் குறைத்தும் காட்டுவதுதான் உதவாது. இவருடைய பிழை கொஞ்சமும் மாறாத பிழை.

“ஏங்க, ஏறாதீங்க! ஆமைய பாத்துப் போகாதீங்க. அதோ, அந்த வலப்பக்கப் பாறை தெரியுதா? அதைப் பாத்துப் போங்க.”

“ஆமை இந்தாண்ட இருக்குது, நீ அந்தாண்ட போவச் சொல்றே?”

“ஒரு தபா சொன்னதைக் கேளுங்க.”

பாறையை நோக்கிக் கிளம்பினார். நான் இறங்கி, பத்தடி பின்னால் போனேன். நான்கு வீச்சு, பிறகு வளைவு. இடப்பக்கம், இன்னும் இடப்பக்கம். என் கண்ணாடிக்குள் அவரும் ஆமையும் நெருங்குவது தெரிந்தது. கத்த வேண்டும் போலிருந்தது, வாயில் குழாய். அவர் நிழல் முதலில் அதன் ஓட்டின்மேல் விழுந்தது. அவர் கையை வீசுவதை நிறுத்தினார். கால் உதறுவதையும் நிறுத்தினார். சட்டை தாங்க, முகம் கீழே பார்க்க, அப்படியே மிதந்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. இத்தனைக்கும் என் கையில் நீர் புகாத கடிகாரம் இருந்தது.

படகில் ஏறியதும் என் முறை. “எப்படி இருந்துச்சு?” என்றேன்.

அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. “அக்கா வூட்டு எருமையேதான். மேஞ்சிக்கினே இருக்குது. நறுக்கு நறுக்குனு புல்ல கடிக்குது. ஒரு தபா தலையத் தூக்கி, ‘யாருடா இவன், மேயிற நேரத்துல’ன்னு ஒரு பார்வ பாத்துச்சு பாரு! மறுபடி கீழ குனிஞ்சிடுச்சு. கண்ணு ஓரமெல்லாம் சுருக்கம். நீ இதெல்லாம் சொல்லவே இல்லயே?”

நான் அந்தச் சுருக்கத்தைப் பார்த்ததே இல்லை.

தீவின் கடையில் சிக்னல் கிடைத்ததும் நாத்தனாருக்கு வீடியோ அழைப்பு போட்டார். அவர் கரும்புக்கு நடுவே நின்று எடுத்தார்.

“பாத்தியாடா?”

“பாத்தேங்கா! நேருக்கு நேரு!”

“கேன் தாங்குச்சா?”

“கேன் வேணான்னுட்டேன்.”

நாத்தனார் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு, “பொய் சொல்றான்மா இவன், உண்மையா?” என்று என்னைக் கேட்டார்.

“உண்மைதான் அண்ணி. ஆனா கடல்லயும் உங்க கெணத்தைத்தான் சுத்திக்கினு இருந்தார்.”

நாத்தனார் சிரித்த சிரிப்பில் படம் ஆடியது. அவர் சிரிப்பு ஓயும்வரை என் கணவர் காத்திருக்கவில்லை. கைபேசியை என்னிடம் திணித்துவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தார். அங்கே படகுக்காரர், கேன் இன்னும் மடியிலிருக்க, சாயங்காலப் படகுக்கு இடம் இருக்கிறது என்று விரல் காட்டினார். என் பட்டியலில் அந்த நேரத்துக்கு வேறு எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டு, முதல் வரிக்கு டிக் போட்டு, அதற்குக் கீழே அதே வரியை இன்னொரு முறை எழுதினேன். பிறகு கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.