பத்துக்கு மேல் வராத வேகம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் டவுன்லோடு வேகத்தைக் கூட்டியது நான்தான். அத்தான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதைச் சொல்ல நான் வாயைத் திறந்தபோதெல்லாம் யாராவது அதை அடைத்திருக்கிறார்கள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. உச்சிப்புளியில், ராமேசுவரம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் வீடு. அய்யா, அதாவது எங்கள் அப்பா, பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் சூப்பர்வைசர். இறாலையும் நண்டையும் தரம் பிரிப்பதை மேற்பார்வை பார்க்கிற வேலை. அக்கா அந்த வருடம்தான் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அத்தான் என்பவர் சாயல்குடியில் இருந்த எங்கள் அத்தையின் மகன். ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தார். சாயல்குடியிலிருந்து தினமும் வந்துபோவது சிரமம் என்று எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார்.

அக்காவுக்கு அவர் முறை மாப்பிள்ளை. காலேஜில் இடம் கிடைத்தால் படிக்கட்டும், கிடைக்காவிட்டால் தை மாதமே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அத்தை போனில் சொன்னதும், அய்யா அதற்குச் சரி என்றதும் எனக்குத் தெரியும். கல்யாணம் என்றால் எனக்கு ஒரு பட்டுப்பாவாடை நிச்சயம். அதனால் எனக்கு இரண்டில் எது நடந்தாலும் சம்மதம். அத்தானையும் எனக்குப் பிடிக்கும். கடையிலிருந்து வரும்போது புதுப்புது கேம் கொண்டுவந்து போட்டுக் கொடுப்பார். அக்காவிடம் மட்டும் அதிகம் பேசமாட்டார். அக்காவும் பேசமாட்டாள்.

அக்கா கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்டாள். வெளிமாநிலக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு எழுத மனுப் போட்டிருந்தாள். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. மதுரையில் தங்கிப் பயிற்சி வகுப்புக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வயசுப் பிள்ளையைத் தனியாக விடமுடியாது என்று அய்யா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்போதுதான் அவளுடைய பள்ளிக்கூட டீச்சர் ஒரு வழி சொன்னார். வடக்கே ஒரு வாத்தியார் தன்னுடைய பாடங்களையெல்லாம் வீடியோ எடுத்து, பணம் இல்லாத பிள்ளைகளுக்காக இலவசமாக இணையத்தில் விட்டிருக்கிறார், டோரண்ட் போட்டு இறக்கிக்கொள்ளலாம் என்று.

டோரண்ட் என்றால் என்ன என்று அத்தான்தான் எங்களுக்கு விளக்கினார். ஒரே இடத்திலிருந்து மொத்தமாக வராது. ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கிறவர்கள் உலகத்தில் எங்கெங்கோ இருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒவ்வொரு துண்டாக வரும். நம்மிடம் வந்த துண்டுகளை நாமும் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நன்றாகத்தான் விளக்கினார். அவரே அந்தப் புரோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, என்னென்னவோ தட்டி, ஓடவிட்டார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். வேகம் பத்து என்று காட்டியது. நொடிக்குப் பத்து கேபி.

மொத்தப் பாடமும் பன்னிரண்டு ஜிபி. இடைவிடாமல் ஓடினாலே இரண்டு வாரம் ஆகும் என்று புரோகிராம் சொன்னது. ஆனால் எங்கள் ஊரில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. இருட்டின பிறகு கம்ப்யூட்டர் ஓடக்கூடாது, சூடேறித் தீப்பிடிக்கும் என்பது அய்யாவின் சட்டம். மிஞ்சிப்போனால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். அக்கா நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுத்துப் பார்த்தாள். ஆறு வாரம் வந்தது. இன்னொரு தடவை வகுத்தாள். அப்போதும் ஆறு வாரம்தான்.

“இந்த ஊரு லைன் அம்புட்டுத்தான். உச்சிப்புளியில இருந்துக்கிட்டு மெட்ராஸ் வேகம் கேட்டா எப்பிடி?” என்றார் அத்தான்.

அய்யா தலையாட்டினார். அம்மா தலையாட்டினாள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். போன மாதம் நான் ஒரு கேம் இறக்கியபோது அறுபது வந்ததே என்று கேட்டேன். அது வேற, இது வேற என்று அத்தான் சிரித்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சரியான கேள்வியைக் கேட்டால் கிடைக்கிற பதில் எப்போதும் இதுதான்.

கோடை விடுமுறை. எனக்கு வேறு வேலை இல்லை. டோரண்ட் வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று இணையத்தில் தேடினேன். முழுக்க இங்கிலீஷில் ஒரு பக்கம் கிடைத்தது. அய்யா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பழைய பேக்கிங் தாளின் பின்புறத்தில் அதை வரிவரியாக எழுதிக்கொண்டு, தெரியாத வார்த்தைக்கெல்லாம் அகராதியைப் புரட்டி இரண்டு நாள் படித்தேன். மோடத்தில் இந்தப் புரோகிராமுக்கென்று ஒரு வாசலைத் திறந்துவிட வேண்டும் என்று முதல் வரி சொன்னது. திறக்கப் போனேன். என்ன திறந்தேனோ, இணையமே போய்விட்டது.

அரை நாள் வீணானது. சாயங்காலம் அத்தான் கடையிலிருந்து வந்து இரண்டே நிமிடத்தில் சரிசெய்தார். “சின்னப்பிள்ளைய இதத் தொட விடாதீக மாமா. பெரியவ படிப்புல்ல கெட்டுப்போகும்” என்று அய்யாவிடம் வருத்தத்தோடு சொன்னார். அய்யா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அன்றிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போக எனக்குத் தடை. நான் செய்தது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வீட்டில் வேகத்தைக் கூட்ட முயற்சி செய்த ஒரே ஆள் நான். குட்டு வாங்கியதும் நான் ஒருத்திதான்.

பத்து நாள் போனது. கால்வாசிகூட வரவில்லை. வந்த கொஞ்சமும் உபயோகப்படவில்லை. துண்டு துண்டாக, முன்னும் பின்னுமாக வந்ததால் ஒரு பாடம்கூட முழுதாக ஓடவில்லை. வாத்தியார் சாக்பீஸை எடுப்பார், வாயைத் திறப்பார், அப்படியே உறைந்து நிற்பார். அக்கா அந்த முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் சாப்பாட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா கொல்லைப்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் தடையை மீறினேன். மோடம் பக்கமே போகவில்லை. என் பேக்கிங் தாளின் இரண்டாவது வரிக்குப் போனேன். புரோகிராமிலேயே வேகத்துக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் இரண்டு பெட்டிகள் உண்டு என்று அது சொன்னது. ஒன்று, நாம் எவ்வளவு வேகமாகக் கொடுக்கலாம். இன்னொன்று, நாம் எவ்வளவு வேகமாக வாங்கலாம். பெட்டியில் சைபர் இருந்தால் கட்டுப்பாடே இல்லை என்று அர்த்தம். கொடுப்பதற்குக் கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் லைன் முழுவதும் அதிலேயே அடைத்துக்கொள்ளும். ஒரேயடியாக நிறுத்திவிட்டால் மற்றவர்களும் நமக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். அளவாகக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கொடுக்கிற பெட்டியில் சைபர் இருந்தது. வாங்குகிற பெட்டியில் பத்து.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிற மனுஷர், பெட்டியை மாற்றிப் போட்டிருக்கிறார்! பத்தை அழித்துவிட்டுச் சைபர் போட்டேன். கொடுக்கிற இடத்தில் இருபது போட்டேன். வேகம் பத்திலிருந்து பதினெட்டுக்குப் போனது. பிறகு முப்பது. கொஞ்ச நேரத்தில் ஐம்பத்தைந்தில் போய் நின்றது.

கொல்லைப்பக்கம் ஓடி, சோப்பு நுரைக் கையோடு அக்காவை இழுத்து வந்தேன். எப்படிச் செய்தேன் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதுல பத்தா இருந்துச்சு?”

“ஆமாக்கா. அத்தானுக்கு இது தெரியல.”

அக்கா கை நுரை காய்ந்து போகும்வரை அங்கேயே நின்றாள். பிறகு, யாரிடமும் இப்போது சொல்லாதே, நான் சொல்கிறேன் என்றாள். அவளே என் பெருமையை எல்லோர் முன்னாலும் அறிவிக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தலை சீவி, நல்ல பாவாடை உடுத்திக்கொண்டு சாயங்காலத்துக்காகக் காத்திருந்தேன்.

அய்யாவும் அத்தானும் வேலையிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுச் சித்தப்பாவும் இருந்தார். அக்கா வந்து நிலைப்படியில் நின்றாள். அவள் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“அய்யா, அத்தான் கம்ப்யூட்டர சரிபண்ணிக் குடுத்துட்டாரு. இப்ப அம்பதுக்கு மேல வருது. இன்னும் ஒரு வாரத்துல எல்லாப் பாடமும் வந்துரும்.”

அய்யா முகமெல்லாம் சிரிப்பாக அத்தானின் முதுகில் தட்டினார். சித்தப்பா, படிச்ச மருமகன் வீட்டில் இருந்தால் இதுதான் லாபம் என்றார். அத்தான் டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி அக்காவைப் பார்த்தார். அக்காவும் அவரைப் பார்த்தாள். அவள் கண்ணை எடுக்கவில்லை. அத்தான்தான் முதலில் குனிந்தார். இல்லை என்று சொல்லவில்லை. ம், என்று மட்டும் சொன்னார்.

“பொய். நான்தான் பண்ணுனேன். அவரு தப்பாப் போட்டிருந்தாரு, நான்தான் மாத்துனேன்” என்று கத்தினேன்.

அய்யாவின் முகம் மாறியது. இணையத்தைக் கெடுத்தவள், தொடாதே என்று சொல்லியும் தொட்டவள், இப்போது செய்தவரிடமிருந்து பெயரையும் பிடுங்கப் பார்க்கிறவள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“நீ ஒண்ணும் பண்ணல. பொய் சொல்லாம உள்ள போ” என்றாள் அக்கா.

அடி வாங்கியது வலிக்கவில்லை. அய்யா அடித்தார் என்பதே பிறகுதான் நினைவுக்கு வந்தது. அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, உலகத்தில் நியாயம் என்று ஒன்று கிடையாது என்ற முடிவுக்கு வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவிபட்டினம் போனார்கள், அக்காவுக்காக அங்கே கடலுக்குள் இருக்கிற நவபாஷாணக் கோயிலில் வேண்டிக்கொள்ள. நான் வரமாட்டேன் என்று எதிர்வீட்டிலேயே இருந்துகொண்டேன். அக்காவோடு பேசுவதை அடியோடு நிறுத்தினேன். ராத்திரி அவள் என் பக்கம் கையை நீட்டினால் புரண்டு படுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, பழிவாங்குவது என்று தீர்மானித்தேன். மறுபடியும் அந்தப் பெட்டியில் பத்தைப் போட்டுவிடுவது. அத்தானின் பவிசு அன்றைக்கே தெரிந்துவிடும். காலையில் மெதுவாக முன்னறைக்குப் போனேன். அங்கே அத்தான் நின்றுகொண்டிருந்தார். கடைக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டியிருந்தார். திரையில் அதே பக்கம் திறந்திருந்தது. இரண்டு பெட்டிகள். அவருடைய கை மவுஸின் மேல் இருந்தது. திருடிய புகழை நின்று ரசிக்கிறார் என்று எனக்கு வயிறு எரிந்தது.

வாசலிலிருந்து அய்யா குரல் கொடுத்தார்.

“மாப்ள, வேகம் எப்பிடி இருக்கு? கொறையலயே?”

அத்தான் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“கொறையல மாமா. நல்லா வருது” என்றார். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெளியே போனார்.

நானும் பத்தைப் போடவில்லை. வாத்தியார் அப்போது முழுசாகப் பேச ஆரம்பித்திருந்தார். அக்கா அவருக்கு முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தாள். அந்தக் கோபத்திலும் எனக்கு அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அடுத்த ஆறாம் நாள் மொத்தப் பாடமும் வந்து சேர்ந்தது.

அக்கா தேர்வு எழுதினாள். இடம் கிடைத்தது. இன்றைக்கு அவள் ஒரு மாவட்டத்தின் மாடுகளையும் ஆடுகளையும் பார்த்துக்கொள்கிறாள். நான் வளர்ந்த பிறகு, ஒருமுறை அவள் ஜீப்பில் போய்க்கொண்டிருக்கும்போது, அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று சண்டை பிடித்தேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“ஒன்னையச் சொல்லியிருந்தா மறுநாளே திரும்பப் பத்து ஆயிருக்கும். அவரு பண்ணுனாருன்னு அய்யாகிட்ட சொல்லிட்டா, அப்புறம் அவரால கொறைக்க முடியாதுல்ல.”

அந்தக் கோபத்தை யார் மேல் வைப்பது என்று இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. அத்தான் மேல் வைக்கிறேன். அவரை ஒரு கேள்விகூடக் கேட்காத எங்கள் வீட்டின் மேலும் வைக்கிறேன். ஒரு பெண் தன் பாடத்தைப் படிப்பதற்கு இவ்வளவு தந்திரம் செய்ய வேண்டியிருந்ததே என்பதில்தான் அது தணியாமல் நிற்கிறது.

ஆனால் அக்காவை ரயிலேற்றிய அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. உச்சிப்புளி ஸ்டேஷனில் அத்தான்தான் அவளுடைய பெட்டியைத் தூக்கி வந்து ஏற்றினார். ரயில் போன பிறகும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அய்யாவும் அம்மாவும் முன்னால் நடந்துவிட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“அந்தப் பத்த அழிச்சது நீதான?”

கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. ஆமாம் என்றேன். அதோடு விடவில்லை. பெரிய மனது பண்ணி அவருக்குப் பாடமே நடத்தினேன். வாங்குகிற பெட்டியில் பத்து என்று போட்டால் பத்துக்கு மேல் வராது, லைன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வராது, அந்தப் பெட்டியில் சைபர்தான் இருக்க வேண்டும், தெரியாமல் போட்டுவிட்டீர்கள், பரவாயில்லை என்றேன்.

“ஆமா. தெரியாமப் போட்டுட்டேன்” என்றார் அத்தான்.

அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். வீடுவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அந்தப் பெட்டிக்குள் எண் தானாக வராது, யாராவது தட்டினால்தான் வரும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் ஏன் தட்டுவார் என்பதுதான் தெரிந்திருக்கவில்லை.