தீர்ப்பில்லாத அவை

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் குடியிருந்த மலாய்க்காரர் ஒருவரிடம், பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். எழுபதைத் தாண்டியவர், மணமே ஆகாதவர். அவர் முறுவலித்து, "பெலும்" என்றார். 'இன்னும் இல்லை' என்று பொருள். கதவை அறைந்து சாத்துவதுபோல் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மறுப்பதையே கலையாகப் பயின்றவனுக்கு இது பெரும் விந்தையாக இருந்தது.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் என்னைக் கேட்ட தோழர்கள் அறிவார்கள், நான் எதிரணியை எழவிடாத பேச்சாளன். கல்லங்குறிச்சித் தேருக்கு வரும் கூட்டத்தை நம்பிப் போடும் பட்டிமன்ற மேடைகளில்தான் நான் வளர்ந்தேன். இப்புறம் ஓரணி, அப்புறம் ஓரணி, நடுவே உயர்ந்த நாற்காலியில் நடுவர். ஒலிபெருக்கியில் தீர்ப்பு விழுந்ததும் ஒருபக்கம் கைதட்டல் எழும். மறுபக்கம் நாற்காலிகள் காலியாகும். ஆண்டிமடத்துப் பேச்சாளர் ஒருவர் என்னிடம் தோற்று, போட்ட இலையில் உட்காராமலே பஸ் ஏறிப் போனார். வெற்றி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தேன்.

இங்கே ஓர் ஓட்டலின் கூட்ட அரங்குகளில் மேசை நாற்காலி போடும் குழுவில் வேலை. திருமானூர்த் துரைராசு தன் பெயரைப் பணயம் வைத்து என்னைச் சேர்த்துவிட்டிருந்தான். சோதனைக் காலம் முடியும் வாரம் அது. நிரந்தரமாக்காவிட்டால் வேலை அனுமதி போகும். ஊர் திரும்ப வேண்டியதுதான். அந்த வாரத்தில்தான், இந்த வட்டாரத்து ஐந்து நாடுகள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பின் அதிகாரிகள் வணிகத்தையும் கடற்பாதுகாப்பையும் பற்றிப் பேச எங்கள் ஓட்டலில் கூடினார்கள். ஐந்து நாடுகள் விவாதிக்க அரங்கை அமைக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் மேல்தளத்துக்குப் போனார். விவாதம் என்ற சொல்லே போதும் எனக்கு. இரண்டு நாடுகளை இடப்புறம் வைத்தேன். இரண்டை வலப்புறம், எதிரெதிராக. ஐந்தாவது நாட்டுக்கு நடுவில் மேடையிட்டு உயரமான நாற்காலி போட்டேன்.

துரைராசு வாசலிலேயே நின்றுவிட்டான். "டேய் மாப்ள, என்னடா பண்ணி வச்சிருக்க? கல்லங்குறிச்சித் தேருக்கா வந்திருக்காங்க? நடுவுல சிம்மாசனம் வேற!"

"தீர்ப்புச் சொல்ல ஒருத்தர் வேணாமாடா?"

"ஒன்னையும் என்னையும் சேத்து ஊருக்கு அனுப்பிடுவாங்க பாரு, அதாண்டா தீர்ப்பு!"

மேற்பார்வையாளர் சல்மா உள்ளே வந்தார். என் வயதுதான் இருக்கும். "இந்த நாற்காலி யாருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யார் வென்றார் என்று சொல்பவருக்கு."

"அவர் எந்த நாட்டுக்காரர்?"

ஏற்றுக்கொண்டார் என்று நம்பி, நடுவரின் இலக்கணத்தை விரிவாக எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார். "ஐவரில் ஒருவர் நால்வருக்குத் தீர்ப்புச் சொன்னால், அடுத்த முறை அந்த நால்வரும் வரமாட்டார்கள்" என்றார். இங்கே கை தூக்கி எண்ணுவதில்லையாம். எல்லோருக்கும் ஒப்புதலாகும்வரை பேசுவார்கள். ஒருவருக்கு ஒவ்வாததை மற்றொரு நாளுக்கு ஒதுக்கிவைப்பார்கள். தலைமை முறைவைத்து மாறும். பிறகு ஒரு கொடியைக் காட்டினார். "இந்த நாட்டுப் படகுகள் வந்தால் சுட வேண்டும் என்று என் அண்ணன் கடற்கரையில் துப்பாக்கியோடு காவல் நின்ற காலம் உண்டு. இன்று காலை இதற்கு நான்தான் இஸ்திரி போட்டேன்."

அதிகாரிகள் வருமுன் மேசைகளை வட்டமாக்கினோம். ஒரு கொடியும் மற்றொன்றைவிட உயராமல் நிறுத்தினோம். சுவரோரம் தண்ணீர்க் குவளையோடு நின்று, நேற்றுப் பகைவராயிருந்தவர்கள் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பதைக் கண்டேன். மேடைகளில் நான் எழுப்பிய கரவொலியைவிட அந்தக் காத்திருப்பு பெரிதாகத் தோன்றியது.

இடைவேளையில் சல்மா எங்கள் குழுவைக் கூட்டினார். என்னை வைத்துக்கொள்வதா என்பதே பேச்சு. நெஞ்சுருக்கும் உரையொன்றை ஆயத்தம் செய்திருந்தேன், அவர் கையமர்த்தினார். துரைராசுவும் வேறு இருவரும் "இருக்கட்டும்" என்றார்கள். ஆ செங் என்ற உள்ளூர்ச் சீனத் தொழிலாளி மட்டும், "நிறையப் பேசுபவன் ஆபத்து" என்று மறுத்துத் தலையாட்டினான். மூவருக்கு ஒருவர், வென்றுவிட்டேன் என்று மூச்சுவிட்டேன். சல்மா எண்ணவில்லை. ஆ செங்கிடம், "உனக்கு என்ன செய்தால் சரியாகும்?" என்று கேட்டார். அவன் என்னைக் கைகாட்டிச் சொன்னான்: "தனியாக அரங்கு போடக்கூடாது. என்னோடு சேர்ந்து போடட்டும்."

"போலே" என்றார்கள் எல்லோரும். மலாயில் 'ஆகலாம்' என்று பொருள். என் வேலை நிலைத்தது.

வெளியே வந்ததும் துரைராசு இடித்தான். "கை தூக்கச் சொல்லிருந்தா அப்பவே ஜெயிச்சிருப்படா."

"ஜெயிச்சிருப்பேன். அப்புறம் ஆ செங்கோட எப்படிடா மேசை தூக்குறது?"

"அடேயப்பா! அரியலூர்ச் சிங்கம் அடங்கிருச்சு டோய்!"

மாலையில் அதிகாரிகள் வரிசையாக நின்று, கைகளைக் குறுக்காக மாற்றிக் கோத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போனதும் சல்மா எங்களையும் அவ்வாறே நிறுத்தினார். என் வலக்கை இடப்புறம் நின்ற ஆ செங்கின் பிடியில். இடக்கை வலப்புறம் நின்ற துரைராசுவின் பிடியில். கையசைக்காமல் ஒரு வாக்கியமும் பேசியறியாதவன் நான். ஒரு கையை இந்த நாடு பற்றியிருந்தது, மறு கையைத் திருமானூர். இரண்டும் என் நெஞ்சின்மேல் குறுக்கிட்டுக் கிடந்தன. படம் எடுத்த பிறகும், எதை முதலில் விடுவிப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றிருந்தேன்.