நாலாம் நம்பர் லைன்

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லுக்கு வெளியே, வெட்டவெளியில் இருந்த ஒரு சிறிய துணை மின்நிலையத்தில் எனக்கு ஆபரேட்டர் வேலை. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. பகல் ஷிப்டில் அந்தக் கட்டடத்துக்குள் நான் ஒருவன்தான். டிரான்ஸ்பார்மர் ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். மணிக்கு ஒருமுறை மீட்டர்களைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். சில நாட்கள் சாயங்காலம் வரை வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது.

பேச்சுத்துணை என்றால் லைன்மேன் ஒருவர்தான். பக்கத்தில் அகரம் என்ற ஊர்க்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். கம்பத்தில் வேலை இருக்கும் நாளில் உள்ளே வந்து, எந்த லைனை நிறுத்த வேண்டும் என்று நம்பரைச் சொல்வார். நான் நிறுத்திவிட்டு, லைன் நின்றுவிட்டது என்று சீட்டு எழுதிக் கொடுப்பேன். அப்புறம் கால் மணி நேரமாவது உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். அந்தக் கால் மணிக்காகவே, எங்காவது ஒரு லைன் பழுதாகாதா என்று நான் நினைத்ததுண்டு.

அங்கிருந்து கிராமங்களுக்கு நான்கு லைன்கள் போயின. லைனை நிறுத்தவும் ஓடவிடவும் சுவரில் ஆளுக்கொரு கைப்பிடி; ஒவ்வொன்றுக்குக் கீழும் ஆணியில் ஓர் அட்டை தொங்கும். அதில் லைனின் நம்பர், ஊர்ப் பெயர். ஒரு பக்கம் ‘ஓடுகிறது’, மறுபக்கம் ‘நிறுத்தம்’. வேறொன்றும் இருக்காது. நம்பர்கள் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. மூன்றாவது லைனை எப்போதோ எடுத்துவிட்டார்களாம்.

அந்த விட்டுப்போன மூன்று என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் அழுக்கு அட்டைகளோடு காலம் தள்ளியிருக்கிறார் என்று நினைத்தேன். நேரமும் நிறைய இருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து, பெரிய தாளில் ஒரே அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஓட்டம், பழுது, சீட்டு வாங்கியவர் என்று எல்லாமே அதற்குள். இடம் போதாமல் ஊர்ப் பெயர்களை விட்டுவிட்டேன். நம்பர்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசைப்படுத்தினேன். அட்டைகளைக் கழற்றி அலமாரியில் போட்டேன். லைன்மேன் அப்போது விடுப்பில் இருந்தார். வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், மறந்துபோனேன்.

விடுப்பு முடிந்து வந்த அன்று அவர் அவசரத்தில் இருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்: “நாலாம் நம்பர்ல கம்பியத் தாங்குற பீங்கான் ஒண்ணு வெடிச்சிருக்கு. நிறுத்துங்க சார், மாத்திட்டு வாரேன்.”

என் அட்டவணையில் நான்காவதாக இருந்ததை நிறுத்தினேன். சீட்டு எழுதிக் கொடுத்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு விவசாயி வந்தார். “ஏன் அப்பு, எங்க கரண்ட நிறுத்திட்டீக? பாதி வயல்தான் பாஞ்சிருக்கு.”

“வேலை நடக்குது” என்றேன்.

“எங்க பக்கம் ஒருத்தரும் வரலையே. லைன்மேனு கன்னிவாடி ரோட்டுல போறத நானே பாத்தேன்.”

கன்னிவாடி லைன் பழைய நான்கு. என் அட்டவணைப்படி அது மூன்று. நான் நிறுத்தியிருந்தது பழைய ஐந்தை. அது ஓடிக்கொண்டிருந்தது.

பாய்ந்து போய் அந்தக் கைப்பிடியை இழுத்தேன். விவசாயியின் லைனைத் திரும்ப ஓடவிட்டேன். அவர் போய்விட்டார். என்ன நேர்ந்திருக்கும் என்று அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கரண்ட் இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் கம்பியில் போட்டுப் பார்க்கிற எர்த் சங்கிலி டவுனுக்கு ரிப்பேருக்குப் போயிருந்தது எனக்குத் தெரியும். நிலையத்தை விட்டு நான் நகரக் கூடாது. டவுன் ஆபீசுக்குப் போன் இருந்தது. ரிசீவரை எடுத்தேன், என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டேன். ஜன்னல் வழியாக வெயிலில் ரோடு வெறிச்சென்று கிடந்தது. இரண்டு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு மீட்டர் நோட்டில் அந்த இரண்டு மணியும் காலியாகத்தான் இருந்தது.

பிறகு சைக்கிள் வந்தது. அவர்தான்.

“கம்பத்துக்கு அடியில பூப் பறிக்கிற பொம்பளைக இருந்தாக சார். ஏணிய வச்சா செடி ஒடியும், இந்த வரிசைய முடிச்சுக்கிறோம்னாக. செத்த நேரம்னு சொல்லி ஒரு மணி நேரம் உக்கார வச்சிட்டாக” என்று சிரித்தார். வேலை முடிந்தது, லைனை விடலாம் என்றார்.

அவர் ஏறியபோது லைன் நின்றிருந்தது; அவருக்கு எதுவும் தெரியாது. நான் சொல்லாவிட்டால் யாருக்குமே தெரியப் போவதில்லை. லைனை விட்டேன். அவர் எதிரில் வந்து உட்கார்ந்து, முழுவதையும் சொல்லிவிட்டேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தார். அதில் நான்கு என்றுதான் இருந்தது. தண்ணீர் கேட்டார். குடித்து முடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். அந்த நம்பரு உங்க செவுத்துல மட்டுமா இருக்கு? கன்னிவாடி வரைக்கும் ஒவ்வொரு கம்பத்துலயும் தார் தொட்டு நாலுன்னு எழுதி வச்சிருக்கேன்.”



அவர் மேலிடத்தில் யாரிடமும் புகார் சொல்லவில்லை. நானே மேலதிகாரிக்கு எழுதினேன். தண்டனையாக அந்த வருடச் சம்பள உயர்வு நின்றது. அட்டவணையைக் கிழித்து, அட்டைகளைத் திரும்ப மாட்டினேன்.

அவர் அதற்குப் பிறகும் வந்தார். ஆனால் நான் நிறுத்தியதும், பக்கத்தில் வந்து நின்று, கைப்பிடியையும் அட்டையையும் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சீட்டை வாங்குவார். வாங்கியதும் “வாரேன் சார்” என்று கிளம்பிவிடுவார். உட்காரச் சொன்னால், “இருக்கட்டும் சார், வேலை கெடக்கு” என்பார். கோபமெல்லாம் இல்லை, முகத்தில் மரியாதைதான் இருந்தது. எனக்கு மாற்றல் வரும் வரை இன்னும் இரண்டு வருடம் அங்கே இருந்தேன். ஒருநாள்கூட அவர் உட்காரவில்லை.

ஒரு வீட்டையோ ஓர் அலுவலகத்தையோ ஒழுங்குபடுத்துகிறேன் என்று இன்றைக்கும் என் கை நீளும். அப்போதெல்லாம், பழைய ஏற்பாடு அப்படியே இருக்கும் என்று நம்பி, என் கண்ணுக்கு எட்டாத எந்தத் தூரத்தில் யார் இருக்கிறாரோ என்று ஒரு கணம் கையை நிறுத்திக்கொள்கிறேன்.