சாயங்காலக் காய்ச்சல்

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. ஏழு பேரை ஆளாக்கினேன். ஒருவரிடமும் கை நீட்டி நின்றதில்லை. என் பேருக்கு மேல் எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டில் ஆடு இருந்தது. அப்பாவின் தங்கையை, என் அத்தையை, ஆனேக்கலில் பேசி முடித்திருந்தார்கள். பெண் ஒல்லி என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட, தினமும் ஆட்டுப்பால் கறந்த சூட்டோடு அத்தைக்குப் போயிற்று. காய்ச்சினால் சத்து போய்விடுமாம். அந்த ஆடு குறைமாதத்தில் ஈன்றிருந்தது. செத்த குட்டியை வெறுங்கையால் அள்ளிப் போட்டவளும் அத்தைதான்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் கண்டது. விளக்கு வைக்கும் நேரம் உடம்பு கொதிக்கும். விடிந்தால் வேர்த்து விட்டுவிடும். கல்யாணம் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று அப்பா முடிவு கட்டினார்.

"காத்தால எங்கடி போவுது ஒன் காய்ச்சலு? டூட்டிக்கா?"

அக்குளில் வெங்காயம் வைத்தால் உடம்பு சுடும் என்பார்கள். பார்த்து வரும்படி அப்பா என்னை அனுப்பினார். வெங்காயம் இல்லை, என் விரல்தான் சுட்டது. அப்படியானால் இது பெரிய வித்தை என்று நினைத்து, எனக்கும் கற்றுக்கொடு என்றேன்.

அத்தை சிரித்தாள். "ஒனக்கு வேணாண்டி கண்ணு. மூச்சு வாங்குது, தள்ளிப் படு."

"எடுத்து ஒளிச்சிருப்பா" என்றார் அப்பா. பாலைக் கூட்டச் சொன்னார்.

கல்யாணமும் நடந்தது. நோய்க்காரியைத் தலையில் கட்டிவிட்டதாக ஏசி, மழைக்காலம் முடிவதற்குள் திருப்பி அனுப்பினார்கள். செத்த பிறகும் பிடிவாதக்காரி என்றே அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருடம், ஆடு வளர்க்கும் என் மூன்றாவது மகனுக்கு அதே காய்ச்சல். டாக்டர் முதலில் ஆட்டைப் பற்றித்தான் கேட்டார். கரு கலைந்த ஆட்டைத் தொட்டாலும், அதன் பாலைப் பச்சையாகக் குடித்தாலும் கிருமி ரத்தத்தில் ஏறுமாம். சிலருக்கு இதய வால்வில் உட்கார்ந்து அரித்துவிடுமாம். சாயங்காலம்தான் காய்ச்சல் ஏறுமாம். வால்வை மாற்றினார்கள், பிழைத்தான். வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன்.

அத்தை போனது ஒரு காலை வேளை. குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தவள் வாசலில் உட்கார்ந்தாள், அப்படியே சுவரில் சாய்ந்தாள். நான் கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. அத்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷமாக உள்ளே ஓடிப்போய்ச் சொன்னேன்.

எழுதிட்டியாம்மா? எங்க, படி, கேக்கறேன்.