அதே தண்ணீர்

வேன் வந்த வருசம்தான் தனக்கு சுகர் வந்தது என்பாள் அம்மா. அதற்கு முன்பு ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து பயர் ஆபீசுக்கு, அதாவது பட்டாசுக் கம்பெனிக்கு, கரிசல்காட்டு வழியே நடந்தே போய் வந்தவள். பிறகு கம்பெனி வேன் தெருமுனைக்கே வந்தது. உட்கார்ந்து போய், ஷெட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து வெடிச்சரம் பின்னி, உட்கார்ந்தே திரும்பினாள்.

கண்ணில் புரை விழுந்து, திரி இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சுகர் இறங்கினால்தான் ஆபரேஷன், தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். கண் போனால் வேலையும் போய்விடும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள், கல்லூரிவரை வந்தவள் நான். அம்மாவை நடக்க வைக்க முடியாதா என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் பொம்பளை காரியமில்லாமல் நடக்கமாட்டாள். காலையில் வேன் வருமுன் நடக்கக் கிளம்பிய அம்மாவை முதல் நாளே எதிர்வீட்டு அத்தை வழிமறித்தாள்.

"என்ன மதினி, மக படிக்கப் போறா, நீங்க ஊரளக்கப் போறீகளா?"

மறுநாள் தண்ணீருக்குப் போவதுபோல் அம்மா இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டாள். வேறொரு கம்பெனியின் வேன் எதிரே வந்து நின்றுவிட்டது. வெடிமருந்துக்குள் போகிற வண்டிக்கு முன்னால் வெறுங்குடமா என்று உள்ளே இருந்த பெண்கள் ஏசித் தீர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. காலையில் அப்படி வேன் ஏறியவர்களில் சிலர் திரும்பாத நாட்களை எங்கள் ஊர் பார்த்திருக்கிறது.

அதன்பின் அம்மா வீட்டிலேயே குடத்தை நிரப்பிக்கொண்டு கிளம்பினாள். மெயின்ரோட்டில் ஊர்ப்பாதை பிரியும் விலக்குவரை சுமந்துபோய், அதே தண்ணீரைத் திரும்பச் சுமந்து வந்து தொட்டியில் ஊற்றினாள். இடுப்பில் தோல் கறுத்துப்போனது. எவள் என்ன சொன்னால் என்ன, கையை வீசி நட என்று நான் சண்டை போட்டேன்.

"நீ பஸ் ஏறிப் போயிருவ. நான் இங்கனதான இருக்கணும்" என்றாள்.

சுகர் இறங்கியது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் தீபாவளி சீசன் வந்தது. வேன் விடியுமுன்னே வந்து ஏற்றிக்கொண்டு, இருட்டிய பிறகு இறக்கிவிட்டது. சீசனில் லீவு கேட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். குடம் மூலையில் கவிழ்ந்து கிடந்தது.

சீசன் முடிந்து, குறித்த நாளில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் டாக்டர் கேட்டார்: "வீட்ல உக்காந்து தின்னுக்கிட்டே இருந்தா எப்படிம்மா இறங்கும்?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை நறுக்கென்று கிள்ளினாள். என்றைக்கானாலும் அவள் கண்ணில் கத்தி வைக்கப்போகிறவர் அவர்தான்.

"இனிமே நடக்கேன் சார்" என்றாள்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. பஸ்ஸில் அம்மா என் கையை எடுத்து மடியில் வைத்து, கிள்ளிய இடத்தைத் தடவிக்கொடுத்தாள். கன்னிப்போயிருந்த இடம் அவளுக்குத் தெரியவில்லை. வேறெங்கோ தடவிக்கொண்டு வந்தாள்.