இஹாப் குழந்தையை ஆராய்ந்த கதை

என் தங்கை நக்லாவின் கணவன் இஹாப், மன்சூரா நகரக் கல்வி அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்துகிறவன். பதினாறு வருடம் நகர்த்திய பிறகு, பெயரோடு ஏதாவது பட்டம் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற அரிப்பு வந்துவிட்டது. ஏற்கெனவே தேனீ வளர்ப்பில் ஒரு சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். தேனீயைக் கண்டால் ஜன்னலைச் சாத்துகிறவன்.

நான் அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி, அவர்கள் இரண்டாம் மாடி. அவன் கோமாளித்தனம் எதுவும் எனக்குத் தப்பாது.

போன குளிர்காலத்தில் ஒரு பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்திய குழந்தை வளர்ச்சி ஆய்வுக் கருத்தரங்கில் சேர்ந்தான். செவ்வாய்தோறும் மாலை ஐந்து மணி. விருந்தாளிகளுக்கென்று பொன்னிறச் சோபா போட்டு வைத்திருந்த வரவேற்பறைக்குள் மடிக்கணினியோடு போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். மேலே கோட், கழுத்துப்பட்டை. கீழே பைஜாமா.

மகள் ரீதாஜுக்கு அப்போது இரண்டரை வயது. அவள் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து கத்துவான்.

“நக்லா! இவ வாய மூடு! இங்க குழந்தைகளப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்!”

ஒருநாள் நான் அங்கேயே இருந்தேன். வகுப்பு முடிந்து வெளியே வந்தவனிடம் கேட்டேன்.

“ஏன் இஹாப், நீ படிக்கிற குழந்தைங்களுக்கெல்லாம் வாயே கிடையாதா?”

“உங்களுக்கு இதெல்லாம் புரியாதுக்கா. இது விஞ்ஞானம்.”

விஞ்ஞானிக்கு மகளின் செருப்பு அளவு என்னவென்றுகூடத் தெரியாது.

கருத்தரங்கை நடத்தியவர் கெய்ரோவிலிருந்து டாக்டர் ஸஹர் மனாவி. அவர் கொடுத்த வேலை எளியது. மூன்று வயதுக்குட்பட்ட ஒரு குழந்தையின் பக்கத்தில் வாரம் இருபது நிமிடம் உட்கார வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். எட்டு வாரம்.

இஹாப் உட்காரவில்லை. சமையலறை வாசலில் நின்று நக்லாவைக் கேட்டான்.

“இன்னிக்கு இவ என்ன பண்ணினா?”

“உருளைக்கிழங்க வரிசையா வெச்சு ஒவ்வொண்ணுக்கும் முத்தம் குடுத்தா. பெருசா இருந்ததுக்கு மட்டும் ரெண்டு.”

“அதையெல்லாம் எழுத முடியுமா? நல்லதா ஏதாவது சொல்லு.”

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவனே எழுதினான்: குழந்தை ஏழு வண்ணக் கட்டைகளை நிறம் பிரித்து அடுக்கியது, வட்டம் என்று தெளிவாகச் சொன்னது. அந்த வீட்டில் வண்ணக் கட்டையே கிடையாது. மூன்றாம் வாரத்திலிருந்து கேட்பதையும் விட்டுவிட்டான். கைபேசியிடம் சொன்னால் அதுவே கற்பனை செய்து எழுதித் தந்தது, இவன் தேதியைப் போட்டான். ரீதாஜ் காகிதத்தில் மேதையாக வளர்ந்துகொண்டிருந்தாள்.

எட்டாம் வாரம் டாக்டர் எல்லோரையும் தங்கள் குழந்தையோடு கேமரா முன் பத்து நிமிடம் விளையாடச் சொன்னார். இஹாப் மதியமே ஓடிப்போய் ஒரு பெட்டி கட்டை வாங்கி வந்தான். நக்லா மகளுக்குத் தலை சீவி உள்ளே அனுப்பினாள். நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம்.

ரீதாஜ் சோபா நுனியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“கண்ணு, செவப்புக் கட்டை எது? அப்பாகிட்ட சொல்லு.”

குழந்தை உதட்டில் விரலை வைத்து, “உஷ்ஷ்,” என்றாள்.

“பேசலாம்டா செல்லம், பேசு.”

“உஷ்ஷ். அப்பா கிளாஸ்.”

கட்டைகளை அவள் கையில் திணித்தான். அவள் ஒவ்வொன்றையும் சத்தம் வராமல் கம்பளத்தில் வைத்துவிட்டு மறுபடி விரலை உதட்டுக்குக் கொண்டுபோனாள். அவனுக்குக் கழுத்துப்பட்டை வரை வியர்த்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

திரையிலிருந்து டாக்டரின் குரல் கேட்டது. “உஸ்தாத் இஹாப், இத இவளுக்கு யார் கத்துக் குடுத்தாங்க?”

“கூச்சம், டாக்டர். பொதுவா நல்லாப் பேசுவா.”

“இது கூச்சம் இல்லீங்க. ரொம்ப நாள் பழக்கம். நீங்க எழுதின குழந்தை இவ கிடையாது.”

அப்போது நக்லா செருப்போடு கம்பளத்தின்மேல் நடந்து போனாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துச் சொன்னாள்:

“டாக்டர், இவ நல்லாத்தான் பேசுவா. ‘பால் வேணாம்’னு ரெண்டு வார்த்த சேத்துச் சொன்னது போன ரமலானுக்கு முன்னாடி. கோவம் வந்தா நாய்க்குட்டி மாதிரி கொரைப்பா. இந்த ரூமுக்குள்ள மட்டும்தான் ஊமை. நான்தான் விரல வெச்சு வெச்சுப் பழக்கினேன், இவருக்காக. என் மேலயும் தப்பிருக்கு.”

மீதி நேரம் முழுக்க டாக்டர் அவளிடம்தான் பேசினார். இஹாப் தன் வரவேற்பறையிலேயே ஓரமாக நின்றான், கட்டைப் பெட்டியைக் கையில் பிடித்தபடி.

தேர்ச்சி இல்லை என்று கடிதம் வந்தது. “கெய்ரோக்காரங்களுக்கு நம்ம ஊர்க்காரன்னாலே எளக்காரம்,” என்றான். நக்லா தச்சனைக் கூப்பிட்டு வரவேற்பறைக் கதவைக் கழற்றி மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டாள். ரீதாஜ் அந்தப் பொன்னிறச் சோபாவில் குதிக்க மூன்று வாரம் ஆனது.

அவனோ, ‘குழந்தை வளர்ச்சி ஆய்வாளர்’ என்று அட்டை அச்சடித்துவிட்டான். அலுவலகத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் தாய்மாரிடம் ஒவ்வொன்றாக நீட்டுகிறான். போன வாரம் அப்படி அட்டை வாங்கிய எங்கள் தெருக்காரி ஒருத்தி என் சமையலறைக்கு வந்து அதைக் காட்டி, “உங்க தங்கச்சி குடுத்து வெச்சவங்க,” என்றாள். அந்த அட்டையை வாங்கி, அவள் கண்ணெதிரிலேயே மீன் சுத்தம் செய்த குப்பைக்குள் போட்டேன்.