பொத்தானோடு ஒட்டி வந்த தாயத்து

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். இதில் வருகிற அம்மா இன்னும் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார். போன மாதம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தபோது அவரே, "எழுதுங்க டைலரே, இனிமே எனக்கு இன்னா வரப்போவுது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

கொரோனா அடங்கிய மறு வருஷம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை பிடுங்குகிற சமயத்தில் நடந்தது இது. திண்டிவனத்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவது வரைதான். என் மனைவியின் ஊர் மரக்காணம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரை ஒட்டி ஒரு குன்று, குன்றின் மேல் இடிந்த கோட்டை. அந்தக் காலத்தில் இங்கிலீஷ் கும்பினிக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அந்தக் கோட்டைக்காக மாறி மாறிச் சண்டை போட்டார்களாம். குன்றடியில் இருக்கிற என் மாமனார் நிலத்தில் ஏர் ஓட்டினால் ஈயக் குண்டும் பித்தளைப் பொத்தானும் மேலே வரும்.

குண்டுகளை ஊர்க்காரர்கள் பொறுக்கிப்போய் மீன் வலையில் கட்டிக்கொள்வார்கள். எனக்குப் பொத்தான்மேல் ஆசை வந்துவிட்டது. தொழில் அப்படி. நம் பொத்தான் மாதிரி துளை போட்டவை இல்லை அவை. தட்டையாக, பின்பக்கம் கம்பியில் ஒரு காது வைத்திருக்கும். கையில் எடுத்தால், இது நெஞ்சுக்குத் தைத்ததா, கைமடிப்புக்குத் தைத்ததா என்று அளவை வைத்து யோசித்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை குளித்து, விபூதி பூசி, சாமி கும்பிட்டதும் நிலத்துக்குக் கிளம்பிவிடுவேன். ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்ந்துவிட்டது.

களை எடுக்க வருகிற பெண்களும் பொத்தான் கிடைத்தால் முந்தானையில் முடிந்து வைத்திருந்து கொடுப்பார்கள். பதிலுக்கு நான் கிழிந்த ஜாக்கெட்டைக் காசு வாங்காமல் தைத்துக் கொடுப்பேன். கிண்டலுக்குக் குறைவிருக்காது. "வெள்ளக்காரன் சட்ட தைக்கக் குடுத்துட்டுப் போய்ச் சேந்துட்டான். இவரு இன்னும் பொத்தான் தேடிக்கினு கீறாரு" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்தப் பெண்களில் ஒருவர்தான் நான் சொன்ன அம்மா. அவர் கணவர் லாரியில் கிளீனராக இருந்தவர். வடக்கே லோடு ஏற்றிப் போய்த் திரும்பி வரும்போது, திண்டிவனத்திலேயே இறங்கி, அந்தக் கோட்டை மலையோரமாக வீட்டுக்கு நடந்து போய்விடுகிறேன் என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். லாரி விக்கிரவாண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் வீட்டுக்கு வரவே இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், கிணறு கிணறாகத் தேடினார்கள், குறி கேட்டார்கள். ஒரு தகவலும் இல்லை. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

அந்த அம்மா பொட்டு வைத்துக்கொண்டால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. கல்யாண வீட்டில் குங்குமம் கொடுக்கிறவர்கள் அவர் கிட்டே வந்ததும் கையை இழுக்கலாமா நீட்டலாமா என்று தடுமாறுவதை நானே பார்த்திருக்கிறேன். "கொடுங்க, இல்லன்னா நகுருங்க. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்பார் அவர். சிரித்தபடிதான் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு மண்கட்டி கிடைத்தது. உள்ளே ஏதோ பச்சையாகத் தெரிந்தது. கடைக்குக் கொண்டுவந்து தண்ணீரில் ஊறப்போட்டேன். மண் கரைந்ததும் ஒரு பொத்தானும், அதன் காதோடு பச்சைக் களிம்பேறி ஒட்டிப்போன ஒரு தாமிரத் தாயத்தும் இருந்தன. நாம் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டுகிற அதே தாயத்து. ஊசியால் மெதுவாக நெம்பி இரண்டையும் பிரித்தேன்.

அதுவரை அந்தப் பொத்தான்களெல்லாம் வெள்ளைக்காரனுடையவை என்றே நினைத்திருந்தேன். இடுப்பில் தாயத்து கட்டினவன் வெள்ளைக்காரனாக இருக்க முடியாது. சிப்பாயாகச் சேர்ந்து அவர்களுடைய கோட்டுச் சட்டையை மாட்டிக்கொண்ட நம் ஆள்தான். செத்தவரைக் குளிப்பாட்டி, அரைஞாண் கயிற்றை அறுத்த பிறகுதான் நாம் எடுத்துப் போவோம். இவனுக்கு அதை அறுக்க ஒரு கை கூட இல்லாமல் போயிருக்கிறது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம், இந்த மாதிரித் தாயத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்பதற்காகப் பெண்களிடம் காட்டினேன். பொத்தானோடு ஒட்டியிருந்ததை நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மா கையில் வாங்கிப் பார்த்தார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இது அவருதுங்க" என்றார்.

"ரொம்பப் பழசாட்டம் கீதும்மா" என்றேன்.

"மண்ணுல கெடந்தா பழசாவாதா? நான் கட்டிவுட்டது எனக்குத் தெரியாதா டைலரே?"

பொத்தானோடு இருந்ததை அப்போதும் நான் சொல்லவில்லை. தாயத்துக்குத் தாயத்து என்ன பெரிய வித்தியாசம் இருக்கிறது? அந்த மலையோரமாகத்தான் அவரும் நடந்து வந்ததாகச் சொன்னார்கள்.

அன்றைக்கே அந்த அம்மா தன் கணவரின் அண்ணனிடம் போய், கருமாதி பண்ணிவிடுங்கள் மாமா, அவர் எங்கேயும் அலைய வேண்டாம் என்று அழுதிருக்கிறார். அந்த அண்ணன் கெட்டவர் இல்லை, பயந்தவர். மறுநாள் கடைக்கே வந்துவிட்டார்.

"உசுரோட இருக்கறவனுக்குக் கருமாதி பண்ணா அந்தப் பாவம் எம்புள்ளைங்க தலைல வுழும் டைலரே. கண்டெடுத்தது நீங்க. திருவாமாத்தூர் வட்டப்பாறைல நின்னு, இது என் தம்பியோடதுதான்னு சொல்லுங்க. அன்னிக்கே மொட்ட போட்டுக்கறேன்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். விழுப்புரம் பக்கத்தில் இருக்கிற திருவாமாத்தூர் கோயிலில் வட்டப்பாறை என்று ஒரு சந்நிதி உண்டு. அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு போய்ச் சேரமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் தகப்பனார் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி, "ஆமான்னு சொல்லிடுங்க. அந்தப் பொண்ணு தல முழுவிட்டு நிம்மதியா இருக்கட்டும்" என்றாள்.

"அங்க நின்னு எப்டிடி சொல்றது?"

"உங்க மனசு சாமிக்குத் தெரியாதா?"

தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஒருவேளை அந்த மனிதர் எங்கேயாவது உயிரோடு இருந்தால்? நாளைக்குத் தட்டுத் தடுமாறி வந்து வாசலில் நின்றால்? தாலி அறுத்தது என் வாய் அல்லவா என்றாகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை நான், அந்த அம்மா, அண்ணன்காரர் மூன்று பேரும் போனோம். விழுப்புரம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அந்த அம்மா புளிச்சோறு கட்டி எடுத்துவந்திருந்தார். வழியெல்லாம் கணவரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அவருக்குக் கத்தரிக்காய் ஆகாதாம், லாரியில் தூங்கித் தூங்கி வீட்டில் பாயில் படுத்தால் தூக்கம் வராதாம். பல வருஷங்களுக்குப் பிறகு தைரியமாகப் "போய்ட்டாரு" என்ற வார்த்தையைச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

சந்நிதி முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். அண்ணன்காரர் தாயத்தை என் உள்ளங்கையில் வைத்தார். ஆமாம் என்ற ஒரு சொல்தான். அது நாக்கு வரைக்கும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

"இது அந்தக் காலத்துப் பொத்தானோட ஒட்டிக்கினு இருந்துச்சு. நான்தான் ஊசியால பிரிச்சேன். இது அவரோடது இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்காரர் பெரிதாக மூச்சு விட்டார். "அப்ப தம்பி எங்கனா இருப்பான். வுடும்மா" என்றார். அர்ச்சகருக்கு ஒன்றும் தெரியாது. கழுத்தில் தாலியைப் பார்த்துவிட்டு, "தீர்க்க சுமங்கலியா இரும்மா" என்று அந்த அம்மா கையில் குங்குமம் கொடுத்தார். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வைத்துக்கொண்டார். புளிச்சோற்றை யாரும் பிரிக்கவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அண்ணன்காரர் டீ வாங்கப் போனபோது அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "உங்க மேல தப்பில்ல டைலரே. சாமிகிட்ட கூட்டிகினு வந்ததுதான் தப்பாப்பூடுச்சு. உங்க கடைலயே வச்சிக் கேட்டிருக்கணும். அங்கன்னா மனசு வந்திருக்கும் உங்களுக்கு."

அண்ணன்காரர் கொண்டுவந்த டீயை வாங்கி அந்த அம்மா கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பொத்தான் டப்பாவைத் திறக்கப் பிடிக்கவில்லை. அந்த நிலத்திலேயே ஒரு பனைமரத்தடியில் புதைத்துவிட்டேன். தாயத்தை ஆடி அமாவாசையன்று மரக்காணம் கடலில் விட்டேன். பெயர் தெரியாத அந்தச் சிப்பாய்க்காக எள்ளும் தண்ணீரும் விட்டேன். அவனுக்காகவும் ஒருத்தி இப்படித்தான் பொட்டோடு காத்திருந்திருப்பாள். அவனுக்கு விட முடிந்த தண்ணீரை, எனக்குப் பக்கத்து ஊரில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு விட முடியவில்லை. விடக்கூடாது என்று நானே அல்லவா சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

சத்தியத்தைச் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் சத்தியம் சொன்னவனுக்கு நிம்மதி வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த நினைப்பு அன்றோடு போய்விட்டது. தினமும் விளக்கேற்றும்போது அந்த அம்மாவுக்கு ஒரு முடிவைக் கொடு, எதுவானாலும் கொடு என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கதை இப்போது இரண்டு விதமாகச் சுற்றுகிறது. தாயத்து அவருடையதுதான், டைலர் மாற்றிச் சொல்லிவிட்டான் என்கிறார்கள் சிலர். அவர் பம்பாயில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார் என்கிறார்கள் சிலர். இரண்டும் அந்த அம்மாவின் காதுக்கு வருகிறது. அதனால் இதைப் படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நாலு பேரிடம் சொல்லுங்கள், எங்கேயாவது அவரைப் பார்த்தவர்கள் காதில் விழட்டும். ஆனால் சொல்லும்போது அவர் செத்துவிட்டார் என்று சேர்க்காதீர்கள், இருக்கிறார் என்றும் சேர்க்காதீர்கள். எங்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாததை அப்படியே சொல்லுங்கள்.